கழுதைக்கு யோகம் எழுதியவள்

அத்தியாயம் ஏழு

தென்காசியில் குதிரை வண்டி ஏறியதிலிருந்து உலகம்மை வாயை மூடவில்லை. மேலகரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. வண்டிக்காரர் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். குதிரைகூடக் காதை மடக்கிக்கொண்டது. அதற்கும் அவள் மூடவில்லை.

"யக்கா, இதுல துப்பறியுததுக்கு என்ன இருக்கு? நூர்நிஷா விடையப் பாத்து எழுதிட்டா. கேஸ் முடிஞ்சிது. அருவியில ஒரு முழுக்குப் போட்டுட்டு, ஆளுக்கு ரெண்டு மங்குஸ்தான் தின்னுட்டுத் திரும்பிருவோம்."

"மங்குஸ்தானுக்குத் துட்டு?"

"கேஸு குடுத்தவங்க குடுப்பாங்க."

"கேஸு குடுத்தவங்க பென்ஷன் வாங்குத டீச்சர், ஏட்டி. தோலு கூடக் கிடைக்காது."

இப்படி ஈரம் படாமல் பேசுகிறவள் நாச்சியார். மூக்குக்கண்ணாடி, கையில் ஆண்பிள்ளைக் குடை. வக்கீலாக இருந்த அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு கேஸ் கட்டுகளை வாசித்துக் காட்டிக் காட்டியே சட்டம் கற்றவள். அப்பா போனபின், தென்காசியில் யார் வீட்டில் என்ன காணாமல் போனாலும் பெண்டுகள் போலீசுக்கு முன்னால் அவளிடம்தான் வருவார்கள். உலகம்மை அவளுக்கு எடுபிடி, சாட்சி, சமயத்தில் தலைவலி. சம்பளம் கிடையாது. "உன் நாக்குக்குத்தான் சம்பளம் குடுக்கணும், கொஞ்ச நேரம் சும்மா இருக்கதுக்கு" என்பாள் நாச்சியார்.

ஆனால் இந்தக் கேஸில் உலகம்மைக்குச் சொந்த வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது.

தென்காசிப் பூஞ்சாரல் மாதர் சங்கம் அந்த 1958ஆம் வருஷத்துச் சீசனில் பெண்களுக்கென்று ஒரு வாசகசாலை திறந்தது. பொறுப்பாளர் வேலைக்குச் சம்பளம் உண்டு; பின்கட்டில் குடியிருக்க ஓர் அறையும் உண்டு. என் மகளுக்கு, உன் மருமகளுக்கு என்று சங்கத்துக்குள் சண்டை மூளவே, செங்கோட்டையிலிருந்து பிச்சம்மாள் டீச்சரை வரவழைத்து ஒரு பரீட்சை வைத்துவிட்டார்கள். டீச்சர் வைத்தது கணக்குமில்லை, இலக்கணமுமில்லை. சின்னங்களும் அவற்றின் பொருளும். 'புறாவுக்குச் சமாதானம் என்றால் தராசுக்கு என்ன?' நீதி. 'வாசலில் வாழை கட்டினால் கல்யாணம், வேப்பிலை செருகினால்?' அம்மை. இப்படி ஒரு சோடியைக் கொடுத்து, அடுத்ததில் பாதியை நிரப்பச் சொல்வது.

நேற்று அந்தப் பரீட்சையை உலகம்மையும் எழுதினாள். மூன்றாவதாக வந்தாள். இரண்டாவது, டீச்சரின் பழைய மாணவி மங்களேஸ்வரி. எல்லாவற்றையும் சரியாக எழுதி முதலாவது வந்தவள் நூர்நிஷா. வந்த கையோடு, விடைக் குறிப்பைத் திருடிப் பார்த்தாள் என்று பேரும் வந்துவிட்டது. இன்று சாயங்காலம் சங்கத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லி டீச்சர் ஆள் அனுப்பியிருந்தார்.

நூர்நிஷாவின் புருஷன் கொழும்புக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவன். அவளும் உம்மா ஜாஹிரா பீவியும் புளியறையில் அண்ணன் கிதிர் முகம்மது வீட்டில் இருந்தார்கள். இருந்தார்கள் என்றால், அண்ணன் பெண்டாட்டியின் அடுப்படியில் கிடந்தார்கள். 'வேலை கெடச்சா உம்மாவக் கூட்டிட்டுப் போ. திருடிங்கிற பேரு நின்னுட்டா இனிமே வாசப்படி தாண்டக் கூடாது' என்று அண்ணன் சொல்லியாகிவிட்டது. அதை உலகம்மை அறியாமல் இல்லை. அறிந்தும் மனசு இளகவில்லை.

காரணம், அன்று காலையில் நடந்த ஒரு சிரிப்பு. நூர்நிஷாவை விசாரிக்க நாச்சியார் போயிருந்தாள். "வாசகசாலை கெடச்சா நல்லாப் பாத்துக்குவியா?" என்று கேட்டதற்கு அந்தப் பெண், "புஸ்தகத்த உள்ளூருக்கு மட்டும்தான்க்கா இரவல் குடுப்பேன். கொழும்புக்குப் போனது திரும்பி வந்து நான் பாத்ததில்ல" என்றாள். நாச்சியார் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தாள். உலகம்மை இத்தனை காலம் கொட்டிய கேலிக்கெல்லாம் 'ம்' என்பதோடு நிறுத்திக்கொண்டவள்.

"சரி, அந்தக் கழுதைக் கேள்வியச் சொல்லு" என்றாள் நாச்சியார்.

"ஆந்தைக்கு அபசகுனம். கழுதைக்கு என்ன?"

"நீ என்ன எழுதின?"

"பொதி."

"ஏன்?"

"கழுதை பொதி சுமக்காம, பின்ன பல்லக்கா சுமக்கும்?"

"அப்ப ஆந்தை அபசகுனத்த மூட்டையாக் கட்டிச் சுமக்குதாக்கும்."

உலகம்மை விரலை மடக்கி யோசிக்க ஆரம்பித்தாள். அபூர்வம்தான்.

"முதல் சோடிக்குள்ள என்ன உறவுன்னு பாக்கணும் ட்டி. அதே உறவத் தூக்கி ரெண்டாவது சோடியில வைக்கணும். ஆந்தைக்கு என்ன குணம், என்ன வேலைன்னு டீச்சர் சொல்லல. ஆந்தைச் சத்தம் கேட்டா என்ன நடக்கும்னு நம்ம சனங்க நம்புதாங்களோ, அதச் சொல்லியிருக்காங்க. அப்பக் கழுதைக்கும் அதேதான். கழுதை கத்தினா என்ன சொல்லுவாங்க?"

"நல்ல சகுனம்பாங்க. போற காரியம் செயிக்கும்பாங்க." உலகம்மைக்குக் குரல் இறங்கியது. "அதுக்கு முந்தின கேள்வியில நரிக்குத் தந்திரம், எறும்புக்குச் சுறுசுறுப்புன்னு வந்துது. அந்த ஓட்டத்துலயே கழுதையையும் ஓட்டிட்டேன்."

"அப்படி ஓட்டணும்னுதான் அதைப் பக்கத்துல வச்சிருக்காங்க. மங்களேஸ்வரியும் 'மடமை'ன்னுதான எழுதினா? யோகம்னு எழுதினது ஒருத்திதான். எல்லாரும் குழியில விழுந்துருக்கீங்க, அவளத் தவிர."

"அவ விழல. முன்னாடியே எட்டிப் பாத்துருக்கா."

"யோசிச்சாலும் அந்த விடை வரும்."

"வரும். அவளுக்கு வந்துதாங்கதுதான கேள்வி."

"அது சரி" என்று ஒப்புக்கொண்டாள் நாச்சியார். உலகம்மைக்கு அந்த இரண்டு சொல்லே மங்குஸ்தான் மாதிரி இனித்தது.

பேரருவியில் தண்ணீர் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் குளிக்கிற பக்கம் போகிற வழியில் ஒரு பழக்காரி கூடையைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகம்மை ரம்புத்தானை அழுக்கிப் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"ஆச்சி, நேத்துக் காலைல ஒரு டீச்சரம்மா இங்கன குளிச்சாகளா? தோல் பை வச்சிருப்பாக."

"குளிச்சாவ. பழத்த அமுக்காத தாயி, பேசுததுக்குத் துட்டு கேக்க மாட்டேன், அமுக்குனதுக்குக் கேப்பேன்."

"அந்தப் பைய என்ன செஞ்சாக?"

"அருவிக்குள்ள பைய யாரு கொண்டு போவா? ஒருத்தங்க குளிச்சா ஒருத்தங்க கரையில சாமானப் பாத்துக்கிட்டு நிக்கணும். அதான இங்கன வழக்கம். ஒரு புள்ளட்டக் குடுத்துட்டுப் போனாவ."

"எந்தப் புள்ள?"

"வெள்ளைத் துப்பட்டி போட்ட புள்ள. வயசான உம்மாவோட வந்திருந்துது."

உலகம்மைக்கு அருவி தலையில் விழாமலே உச்சி குளிர்ந்துவிட்டது. திரும்பி நாச்சியாரைப் பார்த்தாள். நாச்சியார் பழக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறவு?"

"பொறவு ஒரு பஸ்சு கூட்டம் வந்துட்டு. நான் யாவாரத்தப் பாப்பனா, அடுத்தவ பையப் பாப்பனா?"

"போதும் யக்கா" என்றாள் உலகம்மை, ஏறி வருகிற வழியெல்லாம். "பை அவ கையில. விடைக் குறிப்பு பைக்குள்ள. இனி அருவியே வந்து சாட்சி சொல்லணுமா?"

"பை கையில இருந்தவ எல்லாரும் பையத் திறந்தவன்னா, கூலிக்காரரு எல்லாரும் செயிலுக்குப் போவணும்."

"அவளுக்கு ஏன் இப்படி வரிஞ்சுகட்டுதீங்க?"

"ஏட்டி, உனக்கு ஏன் இப்படி எரியுது?"

உலகம்மை சேலையைப் பிழிந்துகொண்டே முன்னால் நடந்துவிட்டாள்.

டீச்சர் தங்கியிருந்தது அருவிக்கரைக்கு மேலே ஒரு சீசன் பங்களா. வராந்தாவில் சாய்வு நாற்காலியில் டீச்சர். சுவரோரம் துப்பட்டியை இறுக்கிப் பிடித்தபடி நூர்நிஷா. மங்களேஸ்வரி வீட்டுக்காரி மாதிரி சுக்குக்காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் டம்ளர் நீட்டினாள். நூர்நிஷாவின் டம்ளரைத் தரையில் வைத்தாள். அதைப் பார்த்து உலகம்மைக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"டீச்சர், நேத்து நடந்தத வரிசையாச் சொல்லுங்க" என்றாள் நாச்சியார்.

"பரீட்சை முடிஞ்சு பந்தி நடந்துது. நான் சங்கத்து ரூமுல படுத்திருந்தேன். இந்த மங்களம் வந்தா. 'நூர்நிஷா கழுதைக்கு யோகம்னு எழுதியிருக்காளாம் டீச்சர், இது பாத்து எழுதினதுதான்'னு சொன்னா. எனக்குப் பக்குன்னுட்டுது. அந்தக் கேள்வி ஒருத்திக்கும் வராதுன்னு நெனச்சிருந்தேன். பந்தி முடிஞ்ச பொறவு எல்லாரு முன்னாலயும் பையத் திறந்து, விடைக் குறிப்ப எடுத்து வச்சுத் திருத்தினேன். மங்களம் சொன்ன மாதிரியேதான் இருந்துது."

"பை உங்க கைய விட்டுப் போனது எப்ப?"

"அருவியில மட்டும். இந்தப் பிள்ளைட்டதான் குடுத்தேன். குளிச்சு வந்து இவ கையிலதான் வாங்கினேன்."

நாச்சியார் திரும்பினாள். "நூர்நிஷா, இடையில பை எங்கன போச்சு?"

"மங்களம் அக்காட்டக்கா. உம்மாவுக்குப் பாறையில கால் வழுக்கிட்டு. புடிக்க ஓடணும்னு அக்கா கையில குடுத்தேன். உம்மாவ உக்கார வச்சிட்டுத் திரும்ப வாங்கிக்கிட்டேன்."

"எங்கிட்டயா?" மங்களேஸ்வரி காப்பிச் செம்பை வைத்துவிட்டாள். "நான் உடம்பு முழுக்க எண்ணெய் தேச்சிட்டு நின்னேன். எண்ணெய்க் கையோட டீச்சர் பையத் தொடுவனா? பாத்தவ யாராவது உண்டா?"

"கூட்டமா இருந்துது. யாரும் பாக்கல."

"பாக்க மாட்டாங்க. நடக்காதத எப்படிப் பாப்பாங்க?"

சொல்லுக்குச் சொல் சமமாக நின்றது. டீச்சர் பெருமூச்சு விட்டார். எந்தப் பக்கமும் சாயாத தராசு கடைசியில் பழகின பக்கம்தான் சாயும் என்பது உலகம்மைக்குத் தெரியும்.

"சரி, யோகம்னு எப்படித் தோணிச்சு?" என்றாள் நாச்சியார்.

நூர்நிஷா தலையை நிமிர்த்தினாள். "புளியறையில எங்க அண்ணன் வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு முடிவெட்டுத கடை இருக்குக்கா. கதவுக்கு நேரா ஒரு கழுதைப் படம் மாட்டியிருக்கு. 'என்னைப் பார் யோகம் வரும்'னு கீழ எழுதியிருக்கும். லாரிக்காரங்க செக்போஸ்டு தாண்டும் முன்ன வந்து அதப் பாத்துட்டுப் போவாங்க. அடுப்படி சன்னல்ல நின்னா எனக்கு அந்தக் கழுதைதான் தெரியும். ஆந்தைக்கு அபசகுனம்னு பாத்ததும், அப்ப இந்தக் கேள்வி நல்லது கெட்டது பத்தினதுன்னு நெனச்சேன். கழுதை தானா வந்து நின்னுது."

"தெனம் கழுதையப் பாத்தும் உனக்கு யோகம் வரலியே" என்றாள் மங்களேஸ்வரி.

"நான் பாக்கது பக்கவாட்டுலக்கா. முழு மொகமும் தெரியாது."

நாச்சியாரின் உதடு துடித்தது. மறுபடியும் சிரிக்கப் போகிறாள் என்று உலகம்மைக்கு வயிறு எரிந்தது. இவளுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ இப்படிப் பேச்சு. திருடி என்று பேர் கேட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன நக்கல் வேண்டிக்கிடக்கிறது. நேற்றுப் பந்தியிலும் இப்படித்தான். யார் கேட்டாலும் ஒளிக்காமல், 'கழுதைக்கு யோகம்னு போட்டேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டு உலகம்மைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தொலைந்தாள், ஒரு மார்க்குப் போச்சு என்று ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சியில் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். பக்கத்து இலையில் மங்களேஸ்வரிதான் இருந்தாள். பாயசம் வரும் முன்னாலேயே இலையை மடக்கிவிட்டு எழுந்து போனாள்.

உலகம்மையின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

ஏன் எழுந்து போனாள்?

எதிரி தப்பாக எழுதிவிட்டாள் என்று கேட்டால் பொறாமைக்காரி எழுந்து போகமாட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்போம் என்று உட்கார்ந்துகொள்வாள். பொறாமையைப் பற்றி உலகம்மைக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. இந்த நிமிஷம் வரை அவள் வயிற்றிலேயே குடியிருக்கிற சரக்கு அது.

நாச்சியாரைப் பார்த்தாள். நாச்சியார் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, அவசரமில்லாமல், எதற்கோ காத்திருக்கிற மாதிரி. சும்மா இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு உலகம்மைக்கு ஓடியது. நூர்நிஷா போவாள். மங்களேஸ்வரி முதலாவது. தான் இரண்டாவது. மங்களேஸ்வரி கேலி பேசத் தெரியாதவள். நாச்சியார் அவளைப் பார்த்து ஒருநாளும் சிரிக்கப் போவதில்லை.

நாச்சியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"மங்களம் மதினி" என்று முந்திக்கொண்டாள் உலகம்மை. "நேத்துப் பந்தியில இவ யோகம்னு சொன்னப்ப நான் என்ன செஞ்சேன்?"

"பல்லக் காட்டின."

"ஏன் காட்டினேன்?"

"அவ தப்பா எழுதிட்டான்னு."

"ஆமா. எனக்கு அவ மேல பொறாமை. அவ தப்புப் பண்ணினா எனக்குப் பாயசம் இனிக்கும். ரெண்டு டம்ளர் குடிச்சேன். நீங்க ஏன் பாயசம் குடிக்காம எந்திரிச்சீக?"

"டீச்சர்ட்டச் சொல்லணும்னு."

"என்னன்னு?"

"இவ பாத்து எழுதிட்டான்னு."

"பாத்து எழுதினான்னா, பாத்த எடத்துல அப்படி எழுதியிருக்கணும்லா? டீச்சர் அப்ப பையவே திறக்கலியே மதினி. அதுக்குள்ள யோகம்னு இருந்தது உங்களுக்கு யாரு சொன்னா? அது தெரியாத எங்க எல்லாருக்கும் இவ வெறும் முட்டாளு. உங்களுக்கு மட்டும் எப்படித் திருடியா ஆனா?"

அருவிச் சத்தம் திடீரென்று கிட்டத்தில் கேட்டது. டீச்சர் சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார்.

"எனக்கே அந்த விடை தெரியும்" என்றாள் மங்களேஸ்வரி. "யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்."

"அப்படியா?" நாச்சியார் அப்போதுதான் பேசினாள். "கண்டுபிடிச்சவ உன் தாளுல எதுக்கு மடமைன்னு எழுதின?"

அந்தக் கதவும் சாத்தியாயிற்று. மங்களேஸ்வரி தூணைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர்தான் கேட்டார், குழந்தையிடம் கேட்கிற மாதிரி.

"எனக்கும் அது புரியலம்மா. பைய நீதான் திறந்தன்னா, பாத்ததுக்கு அப்புறமும் ஏன் தப்பா எழுதின?"

"நீங்க கண்ணி வைப்பீங்க டீச்சர்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எங்க வகுப்புலயே போர்டுல தப்பான விடைய எழுதிப் போட்டுட்டு வெளிய போவீங்க. அதப் பாத்து எழுதினவ எல்லாம் அடி வாங்குவா. பையில கழுதைக்கு யோகம்னு பாத்ததும், இது திருட்டுத்தனமாப் பாக்கவளப் புடிக்க வச்ச கண்ணின்னு நெனச்சேன். கழுதைக்கு எங்கயாவது யோகம் வருமா? அதான் நான் மாத்தி எழுதினேன். பந்தியில இவ யோகம்னு சொன்னதும், இவளும் பைய வச்சிருந்தப்ப திறந்திருக்கா, வசமா மாட்டிக்கிட்டான்னு ஓடி வந்தேன். பொய் சொல்ல வரல டீச்சர். நெசம்னு நெனச்சுத்தான் வந்தேன்."

"திருடின விடையையே நம்பாமத் திருத்தி எழுதின மொத ஆளு நீங்கதான் மதினி" என்றாள் உலகம்மை. யாரும் சிரிக்கவில்லை.

"இந்த வேலை உனக்கு அவ்வளவு வேணுமா?" என்றார் டீச்சர்.

"வேலைக்காக இல்ல. படிச்ச காலத்துலருந்து உங்க பின்னாலயே வந்தவ நான். நேத்து அருவியில நானும் பக்கத்துலதான் நின்னேன். பைய அவ கையில குடுத்தீங்க."

"உன் கை எண்ணெய்ம்மா."

"தொடச்சிருப்பேன்ல டீச்சர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொடச்சிருப்பேன்ல."

உலகம்மைக்கு இந்தப் பேச்சைத் தன் வாயால் தானே சொன்னது போலிருந்தது. தரையிலிருந்த நூர்நிஷாவின் டம்ளரை எடுத்து, ஆறிப்போன காப்பியைக் கொட்டிவிட்டு, செம்பிலிருந்து சூடாக ஊற்றி அவள் கையில் கொடுத்தாள். மங்களேஸ்வரிக்கும் ஒன்று ஊற்றித் தூணோரம் வைத்தாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

டீச்சர் எழுந்து நூர்நிஷாவின் முன்னால் வந்து நின்றார். "சாயங்காலம் சங்கத்துல, உங்க அண்ணன் இருக்கும்போது, நானே சொல்லுதேன். நான் சந்தேகப்பட்டதையும் சேத்துச் சொல்லுதேன். உம்மாவ மூட்டையக் கட்டச் சொல்லு."

அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். அத்தனை நேரம் நக்கல் பேசியதெல்லாம் இதை அடக்கிக்கொள்ளத்தான் என்பது உலகம்மைக்கு விளங்கியது. விளங்கியது பிடிக்கவில்லை. இனி அவளை முழு மனசோடு வெறுக்கவும் முடியாது.

கீழே வண்டி காத்துக்கொண்டிருந்தது. சங்கக் கூட்டத்துக்காகத் தென்காசிக்கு நூர்நிஷாவும் அதே வண்டியில் வருவதென்று ஆனது. அவள் உலகம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க இல்லன்னா" என்று ஆரம்பித்து, முடிக்க வராமல் அழுகையும் சிரிப்புமாக நின்றாள். பிறகு வண்டிக்காரருக்கு வழிவிட்டு விலகிப் போய்த் துப்பட்டியை உதறினாள்.

நாச்சியார் குடையை மடக்கியபடி உலகம்மையின் காதோரம் சொன்னாள். "நீ சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேன் ட்டி."

"தெரியும். அதான் முந்திக்கிட்டேன்."

"ஏன்?"

"நீங்க சொல்லியிருந்தா அவ உங்களப் பாத்துல்லா இப்படிச் சிரிச்சிருப்பா. நீங்களும் பதிலுக்குச் சிரிச்சிருப்பீங்க. அதப் பாத்துக்கிட்டு நான் தென்காசி வரைக்கும் வரணுமாக்கும்."

நாச்சியார் முதலில் ஏறி ஓரமாக உட்கார்ந்தாள். நூர்நிஷா ஏறி அடுத்த ஓரத்தில் உட்கார்ந்தாள். எதிர்ப்பலகை முழுக்கக் காலியாகத்தான் கிடந்தது. உலகம்மை ஈரச்சேலையோடு ஏறி, இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் இடித்துத் தள்ளிவிட்டு, நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.